பாலத்துக்கு இந்தப் பக்கம்

எட்டாங்கட்டைத் தோட்டத்தில் ரதியின் வேன் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் அதன் ஹாரன் வந்துவிடும். லயத்து வரிசை வீடுகளின் முனையில் திரும்பும்போதே நீளமாக ஓர் அமுக்கு. அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் பல வீடுகளில் காலுறையைத் தேடவே ஆரம்பிப்பார்கள். வாயில் ரொட்டியோடு ஒன்று ஓடி வரும். பின்னாத தலையோடு ஒன்று வரும், பின்னாலேயே அதன் அம்மா சீப்போடு வருவாள்.

"ஏறு ஏறு. மைலோவ வேன்ல வச்சுக் குடி. சீட்டுல கொட்டுன, ஒங்கப்பாதான் வந்து தொடைக்கணும்" என்று ரதி கத்துவாள். கத்துவாளே தவிர யாரையும் விட்டுவிட்டுப் போனது கிடையாது.

ரப்பர் பால்மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்காகச் செம்பனை நட்ட காலத்தில் அதே தோட்டத்தில் பிறந்தவள் அவள். கூடப் படித்தவர்கள் மம்பாவ் பக்கம் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். சிலர் சுங்கை காடுட் தொழிற்சாலைகளில் ஷிப்டு வேலைக்குச் சேர்ந்து அங்கேயே தங்கிவிட்டார்கள். மிச்சமிருந்த குடும்பங்களின் பிள்ளைகள் ஆற்றைத் தாண்டிப் பெரிய ரோட்டிலிருக்கும் தமிழ்ப்பள்ளிக்குப் போக ரதியின் வேனை விட்டால் வேறு வழியில்லை. அவள் புருஷன் தேவன் செம்பனைக் குலை வெட்டுகிறவன். இந்தோனேசிய, வங்காளதேச ஆட்களுக்கு நடுவே நீளக் கழியில் அரிவாளை மாட்டிக்கொண்டு நிற்கும் கடைசித் தமிழர்களில் ஒருவன்.

கொஞ்ச நாளாக அந்த வேன் பாலத்துக்கு இந்தப் பக்கம் நிற்க ஆரம்பித்திருந்தது.

தோட்டத்தையும் பெரிய ரோட்டையும் சேர்ப்பது அந்த ஒற்றை வழிப் பாலம்தான். அதற்குச் சற்று முன்னால் ரதி வண்டியை ஓரம் கட்டுவாள். இறங்கிப் போய் டயரைக் காலால் உதைத்துப் பார்ப்பாள்.

"ஆண்ட்டி, டயர்ல என்னா?"

"காத்து கம்மியா இருக்கான்னு பாக்குறேன். தலைய உள்ள வை."

டயரில் காற்று சரியாகத்தான் இருந்தது. அவளுக்குத்தான் மூச்சு போதவில்லை. நெஞ்சு பட்டென்று வேகம் பிடிக்கும். விரல் நுனிகள் மரத்துப் போகும். வாய் உலர்ந்து நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இதோ மயங்கி விழப்போகிறேன், ஸ்டியரிங் கையை விட்டுப் போகப்போகிறது, பிள்ளைகளோடு வண்டி ஆற்றில் கவிழப்போகிறது. ஒவ்வொரு நாளும் இதே எண்ணம், ஒவ்வொரு நாளும் புதிதாக. முந்தானையில் முடிந்து வைத்திருக்கும் தைலத்தை முகர்ந்து, கொஞ்சம் அடங்கினதும் ஏறி, ஆமை மாதிரிப் பாலத்தைக் கடப்பாள்.

போன மழைக்காலத்தில் ஒன்று நடந்திருந்தது. குலை ஏற்றி வந்த லோரி ஒன்று எதிரே சறுக்கி வந்ததில் ரதி சட்டென்று ஒடித்தாள். வேனின் பின்சக்கரம் பாலத்து விளிம்புக் கட்டையில் ஏறி நின்றது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பிள்ளைகள் அதைப் பள்ளியில் வீரக்கதையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். ரதியும் அன்று சிரித்தாள். அதற்கப்புறம் எத்தனையோ முறை அதே பாலத்தில் ஒன்றும் தோன்றாமல் போய் வந்திருக்கிறாள். வெயில் பளிச்சென்று அடித்த ஒரு காலையில், எதிரே ஒரு சைக்கிள்கூட இல்லாத நேரத்தில், ரேடியோ பாடிக்கொண்டிருக்கும்போதுதான் அது முதன்முதலாக வந்தது. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. நடந்தபோது வந்திருந்தால் நியாயம். ஒன்றும் நடக்காதபோது ஏன் வரவேண்டும்?

வாயு என்று இஞ்சி தட்டிக் குடித்தாள். பக்கத்து வீட்டு மாரியம்மா எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டாள். கடைசியில் யாருக்கும் சொல்லாமல் கிளினிக்குக்குப் போய் நெஞ்சில் ஒயர் ஒட்டிப் படுத்தாள். இருதயத்துக்கு ஒன்றுமில்லை, இது பதற்ற நோய், டவுன் ஆஸ்பத்திரியில் இதற்கென்று இருப்பவரிடம் போய்ப் பேசுங்கள் என்றார் டாக்டர். இருதயம் நன்றாயிருக்கிறது என்றதும் அவளுக்கு இன்னும் பயமாகிவிட்டது. அப்படியானால் கெட்டிருப்பது எது?

சாயங்காலங்களில் தேவனின் உள்ளங்கையில் ஏறிய செம்பனை முள்ளை ஊசியால் எடுத்துவிடுவது அவள் வேலை. கிளினிக்குக்குப் போய் வந்த அன்று ஊசி ஆடியது.

"கை ஏன் நடுங்குது?"

"பசி."

"பொய் சொல்லாத. ஆண்ட்டி டெய்லி டயர உதைக்கிறாங்கன்னு பிள்ளைங்க சொல்லுதுங்க. நானே புது டயர் மாட்டுனேன். அதுல என்னா பாக்குற?"

சொன்னாள். கிளினிக்குக்குப் போனதையும் சொன்னாள்.

"பேசுறதுக்கா ஆஸ்பத்திரி? என்கிட்ட பேசுலா."

"ஒங்ககிட்ட பேசுனா ஒண்ணுமில்லம்பீங்க."

"ஒண்ணுமில்லதானே?"

"அதான்."

தேவன் கையை இழுத்துக்கொண்டான். வாசலில் கிடந்த பூட்ஸைப் பார்த்தபடி, "மெண்டல் டாக்டர பாக்குறான்னு ஒரு வார்த்த வெளிய போச்சுன்னா ஒரு புள்ள ஒன் வண்டில ஏறாது. யோசிச்சுக்க" என்றான். அவன் கல்நெஞ்சன் இல்லை. அவள் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் அவனும் சொன்னான். ரதி ஆஸ்பத்திரிப் பேச்சை அத்தோடு விட்டாள்.

விடியும்வரை மழை கொட்டிய ஒரு நாள். ஆறு செம்மண் நிறத்தில் பாலத்தின் தூண்களை உரசிக்கொண்டு ஓடியது. கிளம்பவே தாமதமாகிவிட்டதால் ரதி டயர் பார்க்க நிற்கவில்லை. பாதிப் பாலத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டது, கண் இருட்டுவது போலிருந்தது. கால் தானாகப் பிரேக்கில் போய் அழுந்தியது. வண்டி நின்றது. நின்ற வண்டியை எடுக்க அவளால் முடியவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்த விரல்கள் பிரியவில்லை.

பின்னால் குலை லோரி ஹாரன் அடித்தது. கூச்சலாக இருந்த வேன் அமைதியானது. முன்சீட்டில் எப்போதும் உட்காரும் மாதவி எட்டிப் பார்த்து, "ஆண்ட்டி, அழுவுறீங்களா?" என்றாள்.

லோரிக்காரர் சத்தியசீலன் திட்டிக்கொண்டேதான் இறங்கி வந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் குரல் மாறியது. "தள்ளி ஒக்காரு தங்கச்சி. ஒண்ணும் பேசாத. தள்ளு." லோரியைப் பாலத்து வாயிலேயே போட்டுவிட்டு, வேனைப் பள்ளி வாசல்வரை அவரே ஓட்டினார். பாவம், நல்ல மனுஷன். ஆனால் அவர் லோரி குறுக்கே நின்றதால் மற்ற லோரிகள் நின்றன, நின்றவர்கள் காரணம் கேட்டார்கள். மத்தியானச் சோற்றுக்கு முன்னால் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

மாதவியின் அம்மா, பெயர் பஞ்சாலை, சேறு காயாத பூட்ஸோடு நேராக ரதி வீட்டுக்கு வந்தாள். உதிரிப்பழம் பொறுக்கி மூட்டை கட்டுகிற வேலை அவளுக்கு. புருஷன் செத்த பிறகு ஒற்றையாளாகப் பெண்ணை வளர்க்கிறவள்.

"ஏன் ரதி, முடியலன்னா சொல்ல வேண்டியதுதானே?"

"சொல்லணும்னுதான்க்கா இருந்தேன்..."

"என்னிக்கு? ஆத்துல விழுந்தப்பறமா?"

பஞ்சாலை வாசற்படியில் ஏறி நின்றாள்.

"எனக்கு இருக்குறது அது ஒண்ணுதான். அத ஒன் முன்சீட்டுல ஒக்கார வச்சு அனுப்புறேன். ஒனக்கு என்னா நோவுன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சுருக்கணும்லா? தெரிஞ்சுருக்கணுமா இல்லியா?"

"ஆமாங்க்கா."

பஞ்சாலை சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள். ஆமாம் என்றதும் வந்த வழியே திரும்பிப் போனாள். அவள் பூட்ஸின் சேறு வாசலில் அப்படியே கிடந்தது. ரதிக்கு அதைக் கழுவத் தோன்றவில்லை.

மறுநாள் முதல் பிள்ளைகள் அவரவர் வீட்டு மோட்டார் சைக்கிளில் போனார்கள். போக வழியில்லாத சிலர் போகவில்லை. வேன் வீட்டுப் பக்கத்தில் நின்று, மேலெல்லாம் சருகு படிந்தது.

பாலத்தை விட்டுவிட்டால் பயமும் அங்கேயே நின்றுகொள்ளும் என்றுதான் ரதி நினைத்திருந்தாள். அது வீட்டுக்கு வந்தது. வெங்காயம் அரியும்போது வந்தது. மளிகைக் கடை வரிசையில் வந்தபோது, எடுத்த சாமானைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். இரவுச் சந்தையான பாசார் மாலாமுக்குப் போவது நின்றது. வாசலைத் தாண்டுவது குறைந்தது. ஓரிடத்தில் உட்கார முடியாமல் அடுப்படிக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டேயிருந்தாள். உலர்ந்த துணியை எடுத்து மறுபடி துவைத்தாள். தேவன் வேலைக்குக் கிளம்பினால், "போன்ல சத்தம் வச்சுக்குங்க. அடிச்சா எடுங்க" என்பாள். அவன் மரத்தடியில் கழியைத் தூக்கி நிற்கும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடுவாள்.

"என்னா?"

"சும்மாதான். இருக்கீங்களான்னு."

ஒருநாள் அவன் வெட்டுப் பாதியில் வீட்டுக்கு வந்து நின்றான். தலையெல்லாம் செம்பனைப் பூந்தூள். "கெளம்பு. அந்தப் பேசுற ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"தோட்டத்துல தெரிஞ்சா?"

"இப்ப மட்டும் தெரியாமலா இருக்கு? கெளம்புலா."

பாலத்தருகே மோட்டாரை நிறுத்தச் சொன்னாள். அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு வர, அவன் சட்டையைப் பிடித்துக் கண்ணை மூடியபடி நடந்து கடந்தாள். பெரிய ரோடு ஏறியதும் கண்ணைத் திறந்து மோட்டாரில் ஏற, இருவரும் கோலா பிலா டவுன் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

உளவியல் பிரிவில் இருந்தது தலையில் தூடோங் முக்காடு கட்டிய ஓர் இளம்பெண். ரதி மலாயில் ஆரம்பிக்க, அவள் தமிழில் குறுக்கிட்டாள்.

"தமிழ்லயே பேசுங்கக்கா. நான் அமால். இங்க பாசார் பக்கத்துல இருக்குற சாப்பாட்டுக் கடை எங்க வாப்பாவோடது."

"டாக்டரம்மா..."

"டாக்டர் இல்லக்கா. மருந்து எழுத மாட்டேன். ஊசி போட மாட்டேன். அமால்னே கூப்பிடுங்க."

மருந்தும் இல்லை, ஊசியும் இல்லை என்றதும் தேவன் நெளிந்தான். அமால் அவனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, நடந்ததைக் கேட்டாள். எல்லாரும் கேட்டதுதான். ஆனால் யாரும் கேட்காத ஒன்றையும் கேட்டாள்.

"மயங்கி விழுந்துருவேன்னு தோணுதுன்னீங்க. இதுவரைக்கும் எப்பவாவது விழுந்துருக்கீங்களா?"

ரதி யோசித்தாள். "இல்ல."

"ஸ்டியரிங்க விட்டுருக்கீங்களா?"

"விடல. அன்னிக்கு விரல் பிரியவே மாட்டேன்னுச்சு."

"வாங்க, ஒரு வேல செய்வோம்."

ஆஸ்பத்திரி மாடிப்படியில் ரதியைத் தடதடவென்று ஏறி இறங்கச் சொன்னாள். கூடவே அவளும் ஏறினாள். தாதி ஒருத்தி நின்று வேடிக்கை பார்த்தாள். அறைக்குத் திரும்பியபோது இருவருக்கும் மூச்சிரைத்தது. அமாலின் கண்ணாடி மூக்கு நுனிக்கு இறங்கியிருந்தது.

"இப்ப நெஞ்ச தொட்டுப் பாருங்க. எப்புடி இருக்கு?"

"அடிச்சுக்குது."

"பாலத்துல வர்ற மாதிரியா?"

"...அதே மாதிரி."

"பயமா இருக்கா?"

"படி ஏறுனா அடிக்கத்தானே செய்யும்" என்றவள், தான் சொன்னதைத் தானே கேட்டு நிறுத்தினாள்.

"அதேதான்க்கா. அன்னிக்கு லோரி சறுக்குனப்ப நெஞ்சு இப்புடி அடிச்சது, அதனாலதான் கை டக்குன்னு ஒடிச்சது. ஒடம்பு ஒங்களையும் பிள்ளைங்களையும் காப்பாத்துச்சு. இப்ப லோரி இல்லாதப்பவும் காப்பாத்துறேன்னு வந்து நிக்கிது. எதுவும் கெட்டுப் போவல. ஆபத்து முடிஞ்சிருச்சுன்னு அதுக்கு இன்னும் தெரியல."

"யாரு அதுக்குச் சொல்றது?"

"நீங்கதான். ஆனா வாயால சொன்னா கேக்காது. போய் நின்னு காட்டணும்."

அந்த முதல் நாள் ரதிக்கு மனசு லேசாகத்தான் இருந்தது. அடுத்த முறை போனபோதுதான் கோபம் வந்தது. டயரை உதைப்பதும், தைலத்தை முகர்வதும், தேவனுக்குப் போன் அடிப்பதும்தான் பயத்துக்குச் சோறு போட்டு வளர்க்கின்றன, அதையெல்லாம் நிறுத்த வேண்டும் என்றாள் அமால்.

"அப்ப நானே இழுத்து விட்டுக்கிட்டேன்றீங்களா?"

"அப்புடிச் சொல்லலக்கா..."

"எனக்கு வந்தா தெரியும்லா. ஒங்களுக்கென்னா, நாற்காலில ஒக்காந்து பேசுறீங்க." பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அதற்கடுத்த தவணைக்குப் போகவில்லை. அமால் போன் செய்தாள்.

"கோவம் இருந்தா கோவத்தோட வாங்கக்கா. என்மேல கோவப்படுறது ஒங்க பாலத்தவிட ஈசிதானே?"

ரதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போனாள்.

ரதி, தேவன் இரண்டு பேருக்குமே அமால் பாடம் கொடுத்திருந்தாள். ரதி பாலத்தில் போய் நிற்க வேண்டும். பயம் வந்தால் ஓடக்கூடாது, தைலம் கூடாது, அது தானாக இறங்கும்வரை நிற்க வேண்டும். தேவன் கூடப் போகலாம். ஆனால் "ஒண்ணுமில்ல" என்று சொல்லக்கூடாது. ரதியைவிட அவனுக்குத்தான் அது கஷ்டமாக இருந்தது. வேலை முடிந்து வந்து, பாலத்து வாயில் மோட்டார்மேல் உட்கார்ந்து, வாயைத் திறப்பான், மூடுவான். ஒரு குச்சியைப் பொடிப்பொடியாக ஒடித்துப் போடுவான்.

"வந்துருச்சா?"

"வருது."

"ஒண்... ம். சரி. நிப்போமா?"

"நிப்போம்."

தலைக்குமேல் ஏறும்வரை ஏறியது. எப்போதும் அந்த இடத்தில்தான் அவள் ஓடியிருக்கிறாள். அதற்கப்பால் என்ன இருக்கிறதென்று அவளுக்குத் தெரியாது. கம்பியைக்கூடப் பிடிக்காமல் நின்றாள். செம்பனை எண்ணெய் ஆலையின் புளித்த வாடை காற்றில் வந்தது. கரையில் ஓர் உடும்பு நாக்கை நீட்டி நீட்டிப் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்தபடி இருந்தவளுக்கு, நெஞ்சு இறங்க ஆரம்பித்தது எப்போதென்று தெரியவில்லை. திரும்பித் தேவனைப் பார்த்தாள். வியர்த்துப் போயிருந்தது அவனுக்குத்தான்.

எல்லா நாளும் அப்படி அமையவில்லை. பாதியில் திரும்பி ஓடி வந்து, வேனுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுத நாளும் உண்டு. "சரி, நாளைக்குப் போங்க" என்றாள் அமால், அவ்வளவுதான். பிறகு தேவன் தள்ளி உட்கார்ந்தான், பிறகு கூட வருவதையே நிறுத்தி அவளைத் தனியாக விட்டான். வேனைக் கழுவி, ஆளில்லாமல் ஓட்டினாள். சத்தியசீலன் சில நாள் பக்கத்தில் உட்கார்ந்து வந்து, "ஓட்டம் நல்லாத்தான் இருக்கு. மெதுவா போறதுல நான்தான் தூங்கிருவேன்" என்றார். பிள்ளைகளை ஏற்றலாமா என்று கிளினிக்கில் மறுபடி கேட்டாள். ஏற்றலாம் என்றார்கள்.

ஆனால் இந்த முறை சொல்லாமல் ஏற்றுவதில்லை என்று அவள் முடிவு செய்திருந்தாள். வீடு வீடாகப் போனாள். பஞ்சாலையைப் பார்க்க மட்டும் செம்பனைக் காட்டுக்கே போனாள். அவள் மரத்தடியில் குந்தி, உதிர்ந்த பழங்களைச் சருகிலிருந்து பொறுக்கிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பதற்ற நோய்க்கா. டவுன் ஆஸ்பத்திரில பாக்குறேன். திங்கக்கிழமைலேர்ந்து வேன் எடுக்குறேன்."

"சரியாப் போச்சா?"

"கொறஞ்சுருக்கு. இன்னும் வரும்."

பஞ்சாலை நிமிர்ந்தாள். "இன்னும் வரும்னா பின்ன என்னா வைத்தியம் பாத்தாங்க?"

"வந்தாலும் ஓட்ட முடியுதுக்கா. அதான் வைத்தியம்."

பஞ்சாலை ஒரு பிடி பழத்தை ஊதி மண்ணைப் போக்கிச் சாக்கில் போட்டாள். "பொய் சொல்லல நீ. அது போதும். ஆனா எம்மனசு ஒப்பல ரதி."

"ஒப்ப வேணாங்க்கா. மறைக்கக் கூடாதுன்னுதான் வந்தேன்."

திரும்பி நடக்கும்போது முதுகு கூசியது. பின்னால் என்ன நினைப்பாளோ, யாரிடம் என்ன சொல்வாளோ என்று மனம் அரித்தது. அரிக்கட்டும் என்று நடந்தாள்.

திங்கட்கிழமை கொஞ்சம் பிள்ளைகள்தான் ஏறினார்கள். பஞ்சாலை தன் மோட்டாரில் மாதவியை ஏற்றிக்கொண்டு வேனுக்குப் பின்னாலேயே வந்தாள். மறுநாளும் வந்தாள். முந்த இடமிருந்தும் முந்தவில்லை. ரதியின் வேன் கண்ணாடியில் அந்த மோட்டார் தினமும் தெரிந்தது, பரீட்சை எழுதும் அறையில் வாத்தியார் பின்னால் நிற்பது போல. அந்த நாட்களில் பயம் அதிகமாகத்தான் வந்தது. ரதி நிற்காமல் ஓட்டினாள்.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. ஒரு காலை, வைப்பர் அடித்தும் கண்ணாடி தெளியாத மழை. பாலத்துக்குச் சற்று முன்னால் மோட்டார் வேனைத் தாண்டி வந்து குறுக்கே நின்றது. பஞ்சாலை கையை ஆட்டினாள். ரதி நிறுத்தினாள். மழைக்கோட்டுக்குள்ளிருந்து மாதவி முழுக்க நனைந்து வெளியே வந்தாள், புத்தகப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

"பொஸ்தகமெல்லாம் நனையிது" என்றாள் பஞ்சாலை, யாரையும் பார்க்காமல். "ஏத்திக்க. பின்னால ஒக்காரு மாதவி."

மாதவி சுற்றி வந்து முன்கதவைத் திறந்து பழைய இடத்தில் ஏறி உட்கார்ந்தாள். பஞ்சாலை பார்த்தாள்.   கதவை வெளியிலிருந்து அவளே அழுத்திச் சாத்தினாள்.

ரதி வண்டியைப் பாலத்தில் ஏற்றினாள். பின்சீட்டில் யாரோ யாரையோ கிள்ளிவிட்டதாகப் பெரிய வழக்கு நடந்துகொண்டிருந்தது. மாதவியின் தலைமுடியிலிருந்து சொட்டிய தண்ணீர் சீட்டை நனைத்தது. பாதிப் பாலத்தில் அது வந்தது. விரல் மரத்தது, நெஞ்சு அடித்தது, கீழே ஆறு இரைந்தது. "வா" என்று முணுமுணுத்தாள் ரதி. கால் ஆக்ஸிலரேட்டரிலேயே இருந்தது. வண்டி மெதுவாக, ஒரே வேகத்தில் போனது.

அந்தப் பக்கம் ஏறியதும் பின்னால் பார்க்கும் கண்ணாடியைப் பார்த்தாள். மழையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. பஞ்சாலை அங்கேயே நிற்கிறாளா, போய்விட்டாளா, நாளைக்கும் மகளை ஏற்றிவிடுவாளா, இந்த மழைக்கு மட்டும்தானா? வண்டியை ஓரம் கட்டி இறங்கி ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும் என்று உடம்பெல்லாம் துடித்தது.

"ஆண்ட்டி, எங்கம்மா போயிட்டாங்களா?" என்று கேட்டாள் மாதவி.

"தெரியல கண்ணு" என்றாள் ரதி. கியரை மாற்றிப் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பினாள்.